அதிகம் தேடப்பட்ட நோட்டீஸ்

போட்டோவ அப்புறம் எடுத்துக்கலாம் தம்பி, முதல்ல உக்காருங்க. அதுல வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். தலைமை ஆபீஸ்ல இருந்து யாரு வந்தாலும் அதுலதான் உக்கார வைப்போம். நீங்க பாக்க நல்லவரா இருக்கீங்க. இந்த நாற்காலிக்கு வாங்க.

இப்ப திரும்பச் சொல்லுங்க. இந்த வருஷம் இந்த நூலகத்துல ஜனங்க அதிகமா தேடின புக்கு அந்தச் செவப்பு பைண்டு. உள்ள முப்பது யூனியன் நோட்டீஸ் வச்சுத் தச்சது. அதுக்கு வாசல்ல ஒரு போர்டு. போர்டுல எழுதினவர்னு என் பேரு, பக்கத்துல என் மூஞ்சி. அதானே? நான் என்னவோ என்னை விசாரிக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சு காலையில இருந்து பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன். நல்ல பதில் எல்லாம் வீணாப் போச்சு.

சந்தோஷம் இல்லன்னு யாரு சொன்னா. என் மூஞ்சியே இப்படித்தான். முப்பது வருஷம் கம்பெனி கேட்டுல நின்னு கத்தின மூஞ்சி. திடீர்னு சிரின்னா அது எங்க போய்ச் சிரிப்பு வாங்கிட்டு வரும்.

எத்தனை தடவைன்னீங்க? நூத்தி எண்பத்தேழா. ரெண்டாவதா வந்தது எது? முடி கொட்டாம இருக்க என்ன வழி... நாப்பத்தோரு தடவை. பாத்தீங்களா, இந்த ஊர்ல புரட்சி வழுக்கையை ஜெயிச்சிருச்சு.

சரி, சிரிக்காதீங்க. ஒரு விஷயம் சொல்லிடறேன், அப்புறம் போட்டோ எடுக்கறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

அந்தத் தண்ணி மிஷின் இருக்குல்ல, அந்த எடத்துல முன்னாடி இழுப்பறை இருந்துச்சு. உள்ள அட்டை அட்டையா இருக்கும். ஒரு புக்குக்கு ஒரு அட்டை. எச்சி தொட்டுத் தள்ளிப் பாத்தா எந்த ராக்கு, எந்த வரிசை, எல்லாம் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி உங்க ஆளுங்க வந்து அதைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்குப் பதிலா ராக்குக்கு ராக்கு பட்டியலத் தொங்க விட்டாங்க. புக்கு பேரு, பக்கத்துல ஒரு க்யூஆர். மை டப்பாவுல விழுந்த எறும்பு எந்திரிச்சு நடந்த மாதிரி ஒரு கட்டம். அதைப் போன்ல காட்டினாத்தான் புக்கு எங்க இருக்குன்னு சொல்லுமாம். முதல் தடவை உன் போன் நம்பர் என்னன்னு வேற கேக்குது. புக்கு எங்கன்னு நான் கேட்டா நீ யாருன்னு அது கேக்குது. இது நூலகமா, போலீஸ் ஸ்டேஷனா?

எதிர்த்தேன். எதிர்க்காம? எதிர்க்கறதுதான தம்பி என் தொழில். வெல்டர் கையில கம்பியக் குடுத்தா ஒட்டத்தான செய்வான்.

இங்க தினமும் வர்றவங்க ஒரு பதினாலு பேரு. எல்லாம் ரிட்டயர்டு. ஒரு பஸ் டிரைவர், டீசல் எஞ்சின் புக்கைத் தவிர வேற தொட மாட்டான். முப்பது வருஷம் ஓட்டின வண்டி எப்படி ஓடுச்சுன்னு இப்பத்தான் தெரிஞ்சுக்கறான். ஒரு டெய்லர், அவனுக்குப் படம் போட்ட சரித்திரம் வேணும், ராஜா சட்டையில தையல் சரியில்லன்னு சொல்றதுக்கு. எல்லாரையும் இதே மேசையில உக்கார வச்சுப் பேசினேன். தோழர்களே, போன் இல்லாதவனுக்குப் புக்கு இல்லன்னு சொல்றாங்க, நாளையில இருந்து ஒருத்தனும் அந்தக் கட்டத்துக்கு எதிர்க்க போனைத் தூக்கக் கூடாது, வாய் இருக்கு, நூலகர் அம்மாகிட்ட வாயாலக் கேப்போம்னேன். ஒரே குரல்ல சரின்னாங்க. அதுல ஆறு பேருக்குப் போனே கெடையாதுங்கறது வேற விஷயம்.

ஒரு வருஷம் தம்பி. எங்கள்ல ஒரு ஆள் ஸ்கேன் பண்ணல. பாவம் அந்த நூலகர் அம்மா, ஒவ்வொரு புக்கா எடுத்துக் குடுத்தே எளைச்சிட்டாங்க. கம்பெனியில கூட நான் இவ்ளோ கட்டுப்பாடான வேலைநிறுத்தம் நடத்தினது இல்ல. வருஷம் முடிஞ்சதும் வெற்றி விழா. டீ, பன்னு. நான் நாப்பது நிமிஷம் பேசினேன். டெய்லர் தூங்கிட்டான், ஆனா கைதட்டற எடத்துல சரியா முழிச்சான்.

விழா நடந்தது திங்கக்கிழமை. புதன்கிழமை அறிவிப்புப் பலகையில உங்க ஆபீஸ் பட்டியலு ஒட்டினாங்க. வீட்டுக்குக் குடுக்காம இங்கயே படிக்கற புக்குங்கள்ல, ஒரு வருஷமா யாரும் ஸ்கேன் பண்ணாதது முன்னூத்திப் பன்னெண்டு. யாரும் படிக்கறதில்ல, பழைய பேப்பருக்குப் போடலாம்.

வெளங்குதா தம்பி? டீசல் எஞ்சின் அதுல இருக்கு. ராஜா சட்டை இருக்கு. நாங்க படிக்கற புக்கு ஒண்ணு கூடத் தப்பல. நாங்க தொடாத, எப்பவாவது வர்ற பசங்க ஸ்கேன் பண்ண புக்கெல்லாம் ராக்குல ஜம்முனு உக்காந்திருக்கு. படிக்கறவன் எல்லாம் சேந்து புக்கைக் காப்பாத்தறேன்னு கெளம்பி, மூட்டை கட்டி வாசல்ல வச்சிருக்கோம். தலைமை நான்.

எரநூத்தி மூணாவது வரிசையில அந்தச் செவப்பு பைண்டு.

நியாயமா என்ன செஞ்சிருக்கணும்? இதே மேசையில உக்காந்து, தோழர்களே, நான் தப்பு பண்ணிட்டேன், எல்லாரும் போனை எடுங்கன்னு சொல்லியிருக்கணும். அந்த வார்த்தை என் வாயில இருந்து வரணும்னா பல்லைக் கழட்டணும்னு எங்க யூனியன்ல சொல்லுவாங்க. இப்ப பல்லையும் கழட்டியாச்சு, அப்பவும் வரல.

மறுநாள் காலையில கதவு தெறக்கும்போதே வந்துட்டேன். எம் பொண்ணு வாங்கிக் குடுத்த போனு, அதுவரைக்கும் பேச மட்டும் வச்சிருந்தேன். நூலகர் அம்மாகிட்ட எப்படின்னு கேட்டேன். அவங்க என்னைப் பாத்த பார்வைய நான் சொல்ல மாட்டேன். ராக்குக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டு ஒண்ணு ஒண்ணா முன்னூத்திப் பன்னெண்டையும் ஸ்கேன் பண்ணேன். நாலு நாள் ஆச்சு. மூணாவது நாள் டிரைவர் சீக்கிரமே வந்துட்டான். போனைக் காதுல வச்சு ஹலோ ஹலோன்னேன். தலைகீழா வச்சிருக்கீங்க அண்ணேன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

கருங்காலின்னு ஒரு வார்த்தை இருக்கு, தெரியுமா? ஊரே வேலைநிறுத்தத்துல நிக்கறப்ப கொல்லைப்புறமா உள்ள போறவன். எத்தனை பேரை அந்தப் பேரு சொல்லிக் கேட்டுல நிறுத்திக் கிழிச்சிருக்கேன். என் போராட்டத்துக்கு நானே கருங்காலி. ஆனா முன்னூத்திப் பன்னெண்டும் தப்பிச்சிருச்சு. டீசல் எஞ்சின் அதோ இருக்கு, டிரைவரும் அதோ இருக்கான். அவன்கிட்ட இதைச் சொல்லிட மாட்டீங்களே?

ஆமாமா. மத்ததுக்கெல்லாம் ஒரு தடவை போதும், செவப்பு பைண்டுக்கு மட்டும் ஏன் இத்தனைங்கறீங்க. பொழப்பத்த கேள்வி இல்ல, நல்ல கேள்விதான்.

என்ன சொல்ல. ஸ்கேன் பண்ணா என் பேரு வருது தம்பி. ஆசிரியர்னு போட்டு, கொட்டை எழுத்துல. நான் எட்டாவதோட நின்னவன். மத்ததெல்லாம் நோட்டீஸ் படிச்சுப் படிச்சு, நோட்டீஸ் எழுதி எழுதிக் கத்துக்கிட்டது. போலீஸ் புக்கைத் தவிர வேற எந்தப் புக்குலயும் என் பேரு இருந்ததில்ல. அதான் வந்ததும் ஒரு தடவை பாப்பேன். வாரத்துல மூணு நாலு நாள். அவ்ளோதான். சின்னப் புத்தின்னு வச்சுக்கங்க.

போர்டுல போடப் போற வரி எது, காட்டுங்க. கண்ணாடி... இருங்க. ம். முப்பதுல இதைத்தான் எடுப்பீங்கன்னு தெரியும். எல்லாரும் இதைத்தான் எடுப்பாங்க. படிக்கறேன், கேளுங்க: சாவி யாரிடம்? காலை பத்து மணிக்குக் கேட்டேன். பன்னிரண்டே காலுக்குச் சாவி வந்தது. அதற்குள் நான் நூற்று நாற்பது பெட்டி ஒட்டிவிட்டேன், கால்களை இறுக்கிக்கொண்டு.

சோப்புக் கம்பெனி தம்பி. பொம்பளைங்க கக்கூஸைப் பூட்டி சாவிய சூப்பர்வைசர் சட்டைப் பையில வச்சிருந்த காலம். ஆம்பளைங்களுக்கு என்ன, செவுத்துப் பக்கம் போயிருவோம். பேக்கிங் செக்‌ஷன்ல எரநூறு பொம்பளைங்க. இந்த நோட்டீஸ் வெளியான அன்னிக்கு மத்தியானம் மூணு செக்‌ஷன் வெளிய வந்து நின்னுச்சு. பதினோரு நாள். பன்னெண்டாவது நாள் பூட்டைச் சுத்தியல வச்சு ஒடச்சாங்க, மேனேஜர் பாத்துகிட்டே நின்னான். நாப்பது வருஷமா எங்க போனாலும், சாவி நோட்டீஸ் எழுதினவரு இவருதான்னு சொல்லி மைக்கைக் கையில குடுப்பாங்க. டெய்லர் இன்னிக்கும் கேப்பான், எப்படிப்பா ஒரு பொம்பளை மாதிரியே எழுதினேன்னு.

என்ன பேப்பரு அது? எந்தெந்த நேரத்துல தேடினாங்கன்னு அதுல வருமா. காலை ஒம்போதரை, ஒம்போதே முக்கால்... ஆமா, நான்தான். மொத்தம் நூத்தி இருபத்தொண்ணு.

அப்ப மீதி அறுபத்தாறு?

இன்னொரு போனா. நல்லாப் பாருங்க. செவ்வாய், வெள்ளி, நாலு மணிக்கு. எப்ப இருந்து? நான் ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல இருந்தா.

நம்பர் முழுசா வராதா. சரி, கடைசி ரெண்டு நம்பரைச் சொல்லுங்க.

பத்தொம்போதா.

இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தத் தண்ணியக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க.

என்னோடது பதினெட்டுல முடியும். எம் பொண்ணு ரெண்டு சிம்மு ஒண்ணா வாங்கினா, அடுத்தடுத்த நம்பரு. பத்தொம்போது வீட்டுல இருக்கறவளோடது. செவ்வாய், வெள்ளி முட்டிக்குக் கரண்ட்டு வைக்கப் போறேன்னு போவா. அந்த ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. வர்றதுக்கு அஞ்சரை ஆகும். இவ்ளோ நேரமா கரண்ட்டு வைக்கறாங்கன்னு கேட்டா, எனக்கு முட்டி பெருசுன்னு சொன்னா.

தம்பி, ஸ்கேன் பண்ணதும் அடியில ஒரு பொத்தான் வருமே. பதிவில் பிழை இருந்தால் தெரிவிக்கவும்னு. அதை அந்த நம்பர்ல இருந்து யாராவது அமுக்கியிருக்காங்களா, பாத்துச் சொல்லுங்க. ஒரு தடவை கூட இல்லையா? நானும் அமுக்கினது இல்ல. பேரைப் பாக்கத்தான் வர்றேன்னு சொன்னேன்ல, அந்தப் பொத்தான் வரைக்கும் வெரலைக் கொண்டு போயிட்டுத் திரும்பிடுவேன். நூத்தி இருபத்தோரு தடவை.

அவளும் வந்து பாத்திருக்கா. இன்னிக்காவது மாத்தியிருக்கானான்னு பாத்துட்டு, மூடி வச்சிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கு டீ போட்டுக் குடுத்திருக்கா. சக்கரை கூடக் கொறைக்கல.

பேனா இருக்குல்ல? அந்தச் சாவி நோட்டீஸ்ல மட்டும் என் பேரை அடிச்சிருங்க. அவ பேக்கிங்ல இருந்தா. ராத்திரி பகலா உக்காந்தெல்லாம் எழுதல, சாப்பாட்டு இடைவேளையில சோப்பு அட்டை மேல எழுதிக் குடுத்தா. அவ பேரைப் போட்டா அன்னிக்கே வேலை போயிடும், என்னை ஏற்கனவே வெளிய தள்ளிட்டாங்க, என் பேரைப் போட்டோம். அது சரிதான். அதுல தப்பு இல்ல. அதுக்கப்புறம் நாப்பது வருஷம் இருந்துச்சே, அதுலதான்.

மீதி இருபத்தொம்போதும் என்னோடதுதான், சந்தேகப்படாதீங்க. அவ்ளோ மோசமா வேற யாராலயும் எழுத முடியாது.

இனிஷியலா? என் எழுத்தைப் போட்டுடாதீங்க. அவளையே கேட்டுப் போடுங்க. இன்னிக்குச் செவ்வாய்க்கெழமை, மணி நாலாகப் போகுது. நீங்க கொஞ்சம் எந்திரிங்க தம்பி, அந்த நாற்காலி அவளுக்கு வேணும், முட்டி வலி. ஆடற நாற்காலிய இப்படிக் குடுங்க. நான் உக்காந்துக்கறேன்.