குகனுக்குப் பூண்டு ஆகாது

பூண்டின் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது, ஐயா. பூம்பாறையில் பிறந்தவனுக்கு அது எப்படி இருக்க முடியும்? பூண்டை நட்டு, களையெடுத்து, பிடுங்கி, புகையில் தொங்கவிட்டு, அதைத் தின்றே ஆளானவன் நான். கோபத்தில் செய்தான் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். அது பொய்யாகிவிடும்.

எங்கள் மாடுகளுக்கு வைக்கோல் கீழே பழனிப் பக்கமிருந்து லாரியில் வரும். குறிஞ்சி பூத்த இந்த வருஷப் புரட்டாசியில் ஒரு கட்டைப் பிரித்தபோது சாரைப்பாம்புக் குட்டி ஒன்று விழுந்தது. சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். வெயிலில் பிறந்த பிள்ளை, எங்கள் குளிரில் வெலவெலத்துக் கிடந்தது. அடிப்பதற்குக் கம்பை எடுத்தவன்தான் நானும். ஆனால் அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. என் வீட்டில் நான் பேசும்போது யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பது வழக்கமில்லை. பேரிக்காய்ப் பெட்டி ஒன்றில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். குகன் என்று பெயரும் வைத்தேன்.

அதே சமயத்தில்தான் என் மகள் சண்முகவள்ளி, பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக வந்து சேர்ந்தது என் குற்றமில்லை. தன் பிள்ளைக்குக் குகன் என்று பேர் வைக்கப் போவதாக அவள் ஆசையாகச் சொன்னாள். அந்தப் பேரில் வீட்டில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான் என்பதை நான் தன்மையாகத்தான் எடுத்துச் சொன்னேன். அவள் ஏன் அழுதாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. முருகனுக்குப் பேருக்கா பஞ்சம்?

குகன் சாப்பிடவில்லை. ஓடைக்கரைச் சின்னத் தவளையை மூக்குக்கு நேராக விட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உடம்பு மங்கிப்போய், கண்ணில் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. தோல் ஒரே வீச்சில் கழன்று வராமல் துண்டு துண்டாகப் பிய்ந்து நின்றது. எனக்குத் தொண்டைக்குக் கீழே சோறு இறங்கவில்லை. கொடைக்கானலில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் மகேந்திரனிடம் ஓடினேன்.

"தோல் உரிக்கிற நேரத்துல சாப்பிடாதுண்ணே. ஈரமும் சூடும் இருந்தாப் போதும், தானா உரிச்சிரும், அப்புறம் தானாத் திங்கும். நீங்க சும்மா இருந்தாலே போதும்," என்றான்.

சும்மா இருப்பது ஒரு வைத்தியமா, ஐயா? படித்த பையன் சொல்கிற சொல்லா இது? பூண்டு வாடைக்குப் பாம்பு அண்டாது என்று எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதற்காகத்தானே வாசலில் நசுக்கிப் போடுகிறோம். அந்த வாடைக்கு நடுவில் ஒரு பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

அன்றைக்கே வீட்டிலிருந்த பூண்டையெல்லாம் வெளியே போட்டேன். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் பூண்டுக் கஞ்சியையும் நிறுத்தச் சொன்னேன். அவள் குளிக்கக் காய்ச்சும் வெந்நீரில் முதலில் குகனை ஊறவைப்பேன், பிறகு அது வள்ளிக்கு. இதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. அவன் சின்னவன், அவ்வளவுதான்.

என் மனைவி முருகேஸ்வரி வாய் ஓயாமல் கத்தினாள். "பெத்த மகளுக்கு ஒரு பல்லுப் பூண்டு கெடையாது, பாம்புக்கு வெந்நியா? ஒங்களுக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா?"

வள்ளிக்குப் பால் குறைந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. அழும்போதெல்லாம் குகன் பெட்டி மூலையில் போய் ஒடுங்கினான். யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்? தாயையும் பிள்ளையையும் மாட்டுத் தொழுவத்துக்கு மாற்றினேன். தொழுவத்தை நானே கூட்டிப் பெருக்கி, சாணியெல்லாம் அள்ளிப் போட்டேன். அந்த நன்றி அவளுக்கு இல்லை. மறுநாள் வெள்ளனே, தூறலில் பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு பள்ளங்கிக்கு, மாமியார் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். முருகேஸ்வரியும் கூடவே போய்விட்டாள். வீடு அமைதியானது. எனக்குப் பெரிய நிம்மதி, அதை மறைக்க மாட்டேன்.

அப்படியும் அவன் சாப்பிடவில்லை. அப்போதுதான் பக்கத்துச் சுவர் நினைவுக்கு வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கமுத்து அண்ணனின் தகர ஷெட். எங்கள் தெரு மொத்தமும் ஐப்பசி நடவுக்கான விதைப்பூண்டை அங்கேதான் கட்டித் தொங்கவிடும். அடியில் கங்கு போட்டுப் புகை காட்டுவார்கள். விதை போனால் நடவு இல்லை, நடவு போனால் தெருவுக்கு அந்த வருஷமே இல்லை. இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. அதனால்தான் முறையாகப் போய்க் கேட்டேன்.

"ஏலே பொன்னுவேலு, பாம்புக்கு வாடை ஆகலன்னு தெருவு விதையத் தூக்கி எங்கடா வைக்க? சோலியப் பாத்துட்டுப் போ," என்றார். மரியாதையாகக் கேட்டவனுக்கு இதுதான் பதில்.

தெரு மொத்தமும் பேத்துப்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போன பகலில், வயலுக்கு ஓடைத் தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் குழாயை இழுத்து, ஷெட்டின் தகர இடுக்கில் செருகிவிட்டேன். நனைந்தால் வாடை அடங்கிவிடும் என்பது என் கணக்கு. சாயங்காலம்வரை பாய்ந்தது. கங்கு அணைந்தது. கட்டுகள் கனம் தாங்காமல் அறுந்து விழுந்து குவிந்தன. இரண்டொரு நாளில் நாற்றம் முன்னைவிடக் கூடியது. அந்த இடத்தில் நான் தவறிவிட்டேன், அதை நேர்மையாக ஒத்துக்கொள்கிறேன்.

நனைத்த அன்று சாயங்காலம் ஓஸ் குழாயைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டி காலி. அவசரத்தில் மூடியைச் சரியாக வைக்கவில்லை போல. ஐயா, அன்றைக்கு நான் அழுதேன். தெருவே மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோது நானும் அங்கே நின்று அழுதேனே, அதை நடிப்பு என்று தங்கமுத்து அண்ணன் சொல்கிறாராம். அது நடிப்பில்லை. அவர்களுக்கு விதை போயிற்று, எனக்குக் குகன் போனான்.

அழுகின குவியலைப் புரட்டிப் பார்த்த உங்கள் ஏட்டையா வந்து என்னிடம் சொன்னது இதுதான்: "யோவ், ஒம் பாம்பு பூண்டுக்குள்ளதான்யா ஒய்யாரமாக் கெடக்கு."

பக்கத்திலேயே சட்டையும் கிடந்ததாம். மூக்கு நுனியிலிருந்து வால் வரை, கண்மேல் மூடியிருந்த தோல்கூட ஒட்டாமல், ஒரே உரியாக. அவர் என்னை மடக்கிவிட்டதாக நினைத்துச் சிரித்தார். யோசித்துப் பாருங்கள். ஈரமும் சூடும் வேண்டும் என்று மகேந்திரன் சொன்னான். ஈரம் நான் கொடுத்தேன். அழுகின பூண்டு சூடு கொடுத்தது. நான் மட்டும் விதையை நனைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை தோலுக்குள்ளேயே இறுகிச் செத்திருக்கும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நனைத்தது நான்தான். தெரிந்தே நனைத்தேன். தெரு அடுத்த வருஷம் நட்டுக்கொள்ளலாம், குகனால் அதுவரை காத்திருக்க முடியாது.

பள்ளங்கியில் என் பேரப்பிள்ளைக்குப் பால் கிடைக்கிறதா என்று கேட்டீர்கள். நான் விசாரிக்கவில்லை. அதற்குத் தாய் இருக்கிறாள், ஊர் இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் பிளாஸ்டிக் குடத்துக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறீர்களே, அவன் ஏதாவது சாப்பிட்டானா, அதை முதலில் சொல்லுங்கள்.