செவ்வாய்க்கிழமை எடுத்த மலைப் படம்

செருப்பக் கழட்டாண்டாம் சார், சும்மா வாங்க. தரையெல்லாம் தூசிதான். காலையில தொடைச்சா மத்தியானம் மறுபடியும் இப்படித்தான் கிடக்கும், உங்க குவாரிக்காரரு புண்ணியம். ஓ, நீங்க குவாரி இல்லியோ? அவரு வக்கீலாபீசா? சரி, இருங்க. டீ குடிப்பியல்லா?

ஷிஜி உள்ளதான் இருக்கா. இப்பம் கூப்பிட மாட்டேன். எட்டாங்கிளாஸ் பிள்ளைகிட்ட உங்களுக்கு என்ன பேச்சு? எங்கிட்டச் சொல்லுங்க.

ஒரே ஒரு படத்த அழிக்கணும், அவ்வளவுதானா? கேக்கச் சின்னக் காரியம்தான்.

அது எதுக்கு எடுத்த படம்னாவது தெரியுமா? பள்ளிக்கூடத்துல ஆன்லைன் புராஜெக்ட். எங்க பிள்ளையளும் கேரளத்துல ஒரு கடக்கரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளும் சேந்து செய்யுதுவ. இதுவ தினம் ஒரே இடத்துல நின்னு மலையப் படம் எடுக்கணும். அதுவ அங்க துறைமுகம் கட்டக் கடலுல கல்லு கொட்டுறத எடுக்கணும். ரெண்டையும் ஒரே பக்கத்துல போட்டா, இங்க மலை குறையும், அங்க கல்லு கூடும். நல்ல பாடந்தான். இவளுக்கு எங்க மொட்டைமாடி. மலையும் தெரியும், கீழ ரோடும் தெரியும்.

டீச்சர்கிட்ட கேட்டாச்சா? என்ன சொன்னாவ? போட்ட பிள்ளைதான் அழிக்க முடியும்னாவளா? அதான் இந்த வெயில்ல வந்திருக்கிய.

காலம்ப பள்ளிக்கூட நேரத்துல கல்லு லாரி இந்த ரோட்டுல ஏறப்பிடாது. அதனால லாரி அந்தச் செவ்வாய்க்கிழமை ஒர்க்‌ஷாப்புல கிடந்துன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்கிய. ஷிஜி படத்துல அது பறக்குது. அதே லாரி மத்தியானம் அங்க கல்லு கொட்டுறத ஒரு மலையாளத்துப் பிள்ளை எடுத்திருக்கு. ரெண்டு படத்துலயும் லாரி முன்னால வரைஞ்ச அதே மஞ்சப் பருந்து, ஒரு றெக்கை உரிஞ்சது. அந்தப் பிள்ளை கீழ, நம்ம லாரி வந்துட்டுன்னு எழுதி, சிரிக்குற பொம்மை வேற போட்டிருக்கு. அதுக்கு என்ன தெரியும், பாவம்.

சின்னக் கேஸா? அப்படியா சொல்லி அனுப்பினாவ?

சார், பிள்ளை எதிர்காலத்தப் பத்தி நீங்க கவலப்படாண்டாம். நான் கான்வென்ட்டுல சிஸ்டர்மார்கிட்ட படிச்சவ. மெதுவாப் பேசியே முட்டிபோட வைக்குற ஆளுவள நீங்க பொறக்கும் முன்னயே பாத்தாச்சு.

போன்ல அந்தப் படம் இருக்கா? எடுங்க. பெருசாக்குங்க. லாரிய விடுங்க, அத எல்லாரும் பாத்தாச்சு. இந்தப் பக்கம், பால் சொசைட்டி போர்டுக்குக் கீழ. நீல பேக்கு தெரியுதா? பள்ளிக்கூடத்துக்கு எறங்கினவன், திரும்பி நின்னு மாடியப் பாத்து கைகாட்டுதான். அக்கா படம் எடுக்காள்லா, அதுல விழணும் அவனுக்கு. தினமும் இதே சேட்டைதான். எல்லா மலைப் படத்துலயும் ஒரு மூலையில நிப்பான். அன்னைக்கு அவன் பின்னால வந்த லாரியப் பாக்கல்ல. அதுக்குப் பொறவு எந்தப் படத்துலயும் அவன் இல்ல.

உங்க ஆபீஸ்ல யாரும் சொல்லலியா? அவனுக்காவப் போட்ட கேஸு எங்க வீட்டுக்காரரு பேருல கிடக்கு. நீங்க ஷிஜி பேரச் சொல்லிப் பள்ளிக்கூடத்துல விலாசம் வாங்கியிருக்கிய. ரெண்டும் ஒரே வீடுன்னு தெரியாமப் போச்சு, இல்லியா?

எந்திரிக்காதீங்க. டீ ஆறுது, குடிங்க. இவ்வளவு தூரம் வந்துட்டிய, கேக்க வந்தத அவகிட்டயே கேட்டுட்டுப் போங்க.

ஏட்டி ஷிஜி, இங்க வா மக்கா. வக்கீலாபீஸ்ல இருந்து ஒரு சார் வந்திருக்காவ. நம்ம டெனிஷ் அந்தப் படத்துலயும் இருக்கப்பிடாதாம்.