தட்டிப் பார்க்காத கட்டை

புளியங்கட்டையிடம் ஒரு நல்ல குணம் உண்டு, ஐயா. அது பொய் சொல்லாது. உளிப்பிடியால் தட்டினால் நல்ல கட்டை கணீரென்று கேட்கும். உள்ளே வெடிப்பிருந்தால் பொத்தென்று கேட்கும். எங்கள் பட்டறையில் பிள்ளைகளுக்கு முதல் பாடமே இதுதான். என் தம்பி தியாகேசனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

என் பெயர் ஞானாம்பாள். அப்பா போன பிறகு தேர்ப் பொம்மை, யாளி, வாகனம் எல்லாம் என் உளிதான். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது தம்பி. சக்கரத்தை ஒட்டியே நடந்து, ஓடுகிற தேரை ஒரே கட்டையில் நிறுத்துவான். அதைப் பார்க்கவே பாபநாசத்திலிருந்து ஆள் வரும்.

குடியிருப்பவருக்கே மனை என்று சர்க்கார் சட்டம் போட்டது. நாங்கள் குடியிருந்த பட்டறை மனைக்கு நான் மனுக் கொடுத்தேன். இடத்துக்கார மிராசுதாரோ தம்பிக்குக் கும்பகோணத்தில் மரவாடி வைத்துத் தருவதாக ஆசை காட்டினார்.

"திங்கக்கெழம தாசில்தார்கிட்ட அது மிராசுதார் பண்ணை எடம்னு சொல்லிடப் போறேன்க்கா. நீயும் மரவாடிக்கு வந்துடு."

மரவாடியில் அறுப்பார்கள், விற்பார்கள். அங்கே எனக்கு என்ன வேலை? இருந்தாலும் அவனுக்குச் சோறு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர். வெடித்த முட்டுக்கட்டை ஒன்றை எடுத்து, அரக்கும் மரத்தூளும் குழைத்து வெடிப்பை அடைத்தேன். பொம்மையில் கீறல் விழுந்தால் அப்படித்தான் அடைப்போம். கால் ஒடியும், தாசில்தாரிடம் போகமாட்டான் என்றுதான் நினைத்தேன்.

கட்டையை அவன் கையில் கொடுத்தபோது, வடம் பிடிக்க வந்த வீரையன், "தட்டிப் பாருப்பா" என்றான்.

"எங்கக்கா இழைச்ச கட்டைய நான் தட்டிப் பாக்குறதா?" என்று தம்பி சிரித்தான்.

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். கீழவீதித் திருப்பத்தில் கட்டை இரண்டாகப் பிளந்தது. சக்கரம் அவன் நெஞ்சில் ஏறித்தான் நின்றது. விபத்து என்று எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

மனை என் பெயருக்கு வந்துவிட்டது. ஆனால் எந்த மரத்தில் உளி வைத்தாலும் உள்ளிருந்து இரண்டு தட்டு கேட்கிறது. எந்தப் பொம்மை செய்தாலும் அவன் மூக்கு வந்துவிடுகிறது. கடைசியாக உளியால் பொம்மைக்குக் கண் திறக்க வேண்டும் அல்லவா, நாலு வருஷமாக ஒன்றுக்கும் திறக்கவில்லை. பயமாக இருக்கிறது. பட்டறை நிறைய குருட்டு முகங்கள். அதனால்தான் நானாகவே உங்கள் ஸ்டேஷன் படி ஏறினேன்.

எழுதிக்கொள்ளுங்கள், கொன்றது நான்தான். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். தட்டிப் பார்க்காமல் ஒரு கட்டையையும் தொடாதே என்று அவனுக்கு நான் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். அவன்தான் கேட்கவில்லை.