மீதி மூன்று இருக்கை

பாகூர் பேருந்தில் நின்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முன் இருக்கைத் தம்பதியின் பேச்சில் கணக்கு தவறிவிட்டது. சின்னக் காரைக் கொடுத்துவிட்டு, ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டிக்கு அன்றுதான் முன்பணம் கட்டியிருந்தார்கள்.

"இன்னாய்யா, அம்மாம் பெரிய வண்டி நம்ம சந்துல நுழையுமா?"

"அண்ணன் வூட்டுப் படி இடிக்கும். கொஞ்சம் ஒடச்சிக்கச் சொல்லணும்."

"யாரு சொல்றது? ரெண்டு வருசமா அவரு மூஞ்சியவே நீ பாக்கல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாம நாலு பேரு. சின்ன வண்டியே போதும்னேன், கேட்டியா? மீதி மூணு சீட்டு யாருக்கு, காத்து வாங்கவா?"

"அண்ணன், அண்ணி, பாப்பா."

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து போனை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இத எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? அவருகிட்ட சொல்லு. படியப் பத்தி அப்பால பேசிக்கலாம்."