அந்த முகத்துக்கு வைத்த பெயர்

அவருடைய இடது கால் கட்டைவிரலைத்தான் நான் முதலில் பார்த்தேன். அது ஆடிக்கொண்டிருந்தது.

மேடையில் அமர்ந்திருக்கும் புரவலர் ஐயா அவர்களே, எங்கள் ஓவிய வாத்தியார் அவர்களே, பரிசு பெற்ற மூத்த மாணவர் அண்ணன் அவர்களே, ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கும் சலவைக்கூடத் தோழிகளே, நம்மை விட்டுப் போன அக்காவின் தம்பி அவர்களே, எல்லாருக்கும் என் வணக்கம். கட்டைவிரலில் தொடங்கியதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசும் பழக்கமும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். இந்த மாடி வகுப்பைப் பெருக்கித் துடைக்க வந்தேன். தரையைப் பார்த்து வேலை செய்கிறவளுக்குக் கால்விரல்தானே முதலில் தெரியும்?

அன்று இருபது பேர் சுற்றி நின்று வரைந்துகொண்டிருந்தார்கள். நடுவே பலகை மேடையில் அவர். ஒன்பது ஆண்டுகள் இந்த வகுப்புக்கு மாடலாக உட்கார்ந்தவர். அசையவே மாட்டார் என்பதால் ‘அசையாக்கா’ என்று எல்லாரும் கூப்பிட்டவர். அந்த அசையாக்காவின் கட்டைவிரல், துணியின் மறைவில், கீழே டயர் கடையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது! நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார். இடைவேளையில் இறங்கி வந்து என் காதோடு சொன்னார்: “யார்கிட்டயும் சொல்லிடாதடி. பொழப்பு போயிடும்.”

இன்று சொல்லிவிட்டேன் அக்கா. இனி அந்தப் பிழைப்பை யார் பறிக்க முடியும்?

வாத்தியார் எனக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறார். இலவசமாகப் படிக்கும் மாணவர்கள் சார்பில் புரவலர் ஐயாவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அதன் பிறகு, உங்களுக்கு வலப்பக்கம் சாய்த்து வைத்திருக்கும் பெரிய படத்தை ஐயா தம் கையால் இந்தச் சுவரில் நிரந்தரமாக மாட்டுவார்கள். நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போது என் அப்பா சொன்னார், “தாள்ல இருக்கறத மட்டும் படிச்சிட்டு வந்துடு.” “நான் எங்கப்பா வாயத் தொறக்கறேன்?” என்றேன். “அதான் பயமா இருக்கு. தொறக்காதவ தொறந்தா லேசுல மூட மாட்டா,” என்றார்.

தாளைப் படிப்பேன். படிக்காமல் போக மாட்டேன். ஆனால் படிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு அக்காவின் அம்மா ஏன் வரவில்லை என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அம்மா வந்திருக்கிறார். கீழே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். மாடிப்படியில் நான் அக்காவின் தம்பியிடம், “ஏண்ணே, அம்மாவ மேல கூட்டிட்டு வரலியா?” என்று கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: “படத்துக்குக் கீழ இருக்கற அட்டைய அம்மா படிச்சிடுவாங்க பாப்பா. பொண்ணு மூஞ்சிக்குக் கீழ அந்த வார்த்தைய நான் எப்படிக் காட்டுவேன்? நானா எடுக்கச் சொன்னா எழவு வீட்டுல சண்டை போட்ட மாதிரி ஆயிடும்.”

அட்டையில் இருப்பது ஒரே ஒரு சொல். ‘வறுமை.’

அந்தப் படம் எப்படி உண்டானது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரே கோலத்தில் ஒன்பது சனிக்கிழமைகள் அக்கா உட்கார்ந்தார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இறங்குவார், கையை உதறிக்கொள்வார், மறுபடி ஏறுவார். ஏறும்போது அதே இடத்தில் உட்கார வேண்டுமே! அதற்காகப் பாதத்தைச் சுற்றி, முக்காலியின் கால்களைச் சுற்றி, மேசையில் முழங்கை படும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவோம். கோடு ஒரு விரற்கடை தவறினால் நிழல் மாறும், துணி மடிப்பு மாறும், இருபது பேருடைய வேலையும் கெடும். அந்தக் கோடு போடுவது என் வேலை. அந்தக் கோட்டை அழித்தவளும் நான்தான்.

ஆமாம். புரவலர் ஐயா வகுப்பைப் பார்க்க வருகிறார் என்றார்கள். தரை பளிச்சென்று இருக்கட்டும் என்று மேடை, மேசை எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன்.

“மூணு வார வேலைடா! எவ தொடச்சது?” என்று மூத்த மாணவர் அண்ணன் கத்தினார். “ஓசியில வர்றவங்களுக்கு அருமை தெரியாது,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வாத்தியார் என்னைத்தான் பார்த்தார். அன்றைக்கு அவர் போ என்றால் நான் எங்கே போவேன்? பெருக்கி முடித்த பிறகு பின்வரிசையில் நின்று வரைய அனுமதி கிடைத்து இருபது நாள்கூட ஆகவில்லை.

அப்போது அக்கா சொன்னார்: “நான்தான் சார் டீய கொட்டிட்டேன். தொடைக்கச் சொன்னதும் நான்தான். இப்ப என்ன, நான் பழையபடி உக்காரணும், அவ்ளோதானே?”

ஏறி உட்கார்ந்தார். கோடு இல்லை, அடையாளம் இல்லை. கொஞ்சம் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம். நின்றார். “பாருங்க. எங்க தப்புன்னு சொல்லுங்க.” இருபது பேரும் பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, அளந்து அளந்து பார்த்தார்கள். ஒருவராலும் ஒரு தப்பும் சொல்ல முடியவில்லை!

அது எப்படி முடிந்தது? அன்று மாலை நானும் அதையேதான் கேட்டேன். “அது ஒண்ணும் வித்தை இல்லடி,” என்றார். “இந்த முட்டிய சரியான எடத்துல வெச்சா சுருக்குன்னு குத்தும். இடுப்புல இங்க ஒண்ணு இழுக்கும். தோள்ல ஒண்ணு. மூணு வலியும் வர்ற வரைக்கும் நகந்தேன். வந்துச்சு, நிறுத்திட்டேன்.”

அவையோரே, ஓவியம் என்பது கையில் இருக்கிறது என்பார்கள், கண்ணில் இருக்கிறது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வரைகிறவர் கையும் கண்ணும் வேலை செய்ய, வரையப்படுகிறவரின் முட்டியும் இடுப்பும் தோளும் வேலை செய்கின்றன என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. காலையில் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்துவிட்டு, அதே தோளோடு மாலையில் இங்கே வந்தவர் அவர். அவர் செய்ததும் கலைதான் என்று இந்த அவையில் நான் சொன்னால் யாராவது மறுப்பீர்களா?

நன்றி சொல்லப் போனேன். “நன்றி எல்லாம் வேணாம். வரைஞ்சத ஒரு தடவ காட்டச் சொல்லு. ஒம்பது வருசமா வரையுறாங்க. என் பக்கம் திரும்பியிருக்கறது எல்லாம் பலகையோட முதுகுதான்,” என்றார். நான் பொட்டலத் தாளில் வரைந்திருந்ததைப் பயந்து பயந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “மூக்கு என் தம்பி மூக்கு. போகட்டும், குடும்பத்துக்குள்ளதான இருக்கு,” என்றார். தம்பி அவர்கள் மன்னிக்க வேண்டும்.

பிறகு கண்காட்சி வந்தது. அண்ணனின் படத்துக்கு முதல் பரிசு. அதில் எனக்குப் பொறாமை இல்லை. அந்தக் கையைப் பாருங்கள், புறங்கையில் ஓடும் நரம்பைப் பாருங்கள், அப்படி வரைய நான் இன்னும் பத்து ஆண்டு உழைக்க வேண்டும். அக்கா அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நல்ல உடை உடுத்தி வந்தார். முதன்முதலாகப் படத்தை முன்பக்கத்திலிருந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்புறம் அட்டையைப் படித்தார்.

“யாரு தம்பி இது?” என்று அண்ணனிடம் கேட்டார்.

“அக்கா, இத நீங்கன்னு பாக்கக் கூடாது. இது ஒரு கருத்து.”

“கருத்துக்கு முதுகு வலிக்குமா தம்பி?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “அன்னைக்கு உன் மூக்கு நுனியில நீல பெயிண்டு. நீ பாட்டுக்கு முறைச்சு முறைச்சுப் பாக்குற. சிரிச்சா கோடு போயிடும்னு பல்லக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன். அந்த மூஞ்சிதான் இது. வேற பேரு வை தம்பி.” கண்காட்சிக் கையேடு அச்சாகிவிட்டது என்றார் அண்ணன். “உங்க முகத்தைப் பாத்து எத்தனை பேர் கண் கலங்கறாங்க தெரியுமாம்மா?” என்றார் புரவலர் ஐயா, அன்பாகத்தான்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “ஏண்டி, தரையிலருந்து பாத்தவ நீ. சொல்லு. நான் அப்படியா உக்காந்திருந்தேன்?”

எனக்குத் தெரியும். அந்த நீலப் பொட்டை நானும் பார்த்தேன். இல்லை, அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி! என் கட்டணம் கட்டும் ஐயா எதிரே நின்றார். நான் அவருடைய காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்காகப் பொய் சொன்னவருக்கு, நான் ஒரு உண்மைகூடச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். கோபமா என்று கேட்டேன். “எதுக்குடி? உனக்கும் பயம், எனக்கும் பயம். ரெண்டு பேரும் பயந்தா பொழப்பு நடக்கும். அட்டையும் தொங்கும்,” என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்று வாரங்களுக்கு முன் சலவைக்கூடத்தில் ஒரு விரிப்பின் முனையைப் பிடித்திருந்தபடியே சாய்ந்தார். மறுமுனையைப் பிடித்திருந்தவர் இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். “துணி தரையில படல. கடைசி வரைக்கும் அவ கைய விடல,” என்று என்னிடம் சொல்லி அழுதார்.

ஐயா, எனக்கு நன்றி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் தொடும் தாள் உங்களுடையது, வண்ணம் உங்களுடையது. உப்பிட்டவரை மறக்கிற வீட்டில் நான் வளரவில்லை. ஆனால் நன்றி என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று இத்தனை நாள் நினைத்துவிட்டேன். அக்காவுக்கும் நான் கடமைப்பட்டவள் அல்லவா? அந்த நன்றியை எந்தத் தாளில் எழுதுவீர்கள்?

அவர் ஏழைதான். நானும் ஏழைதான். அதில் மறைக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும். மழை பெய்தால் நனைகிறோம். நனைகிறவளுக்கு மழை என்றா பெயர் வைப்பீர்கள்? பள்ளியை விட்ட நாளிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ‘பாவம்’ என்றார்கள். இந்த அறையில் கரித்துண்டைப் பிடித்த அன்றுதான் நானும் ஒருவரைப் பார்க்கலாம் என்று தெரிந்தது. கலை எனக்குக் கொடுத்தது அது. அதே கலைதான் அக்காவின் முகத்திலிருந்த சிரிப்பைக் காணாமல் போகச் செய்தது. அத்தனை பலம் அதற்கு! அத்தனை பலம் உள்ளதைக் கையில் எடுப்பவர்கள், உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அண்ணே, நீங்கள் தலை குனிந்திருப்பது தெரிகிறது. உங்களை அவமானப்படுத்த நான் வரவில்லை. படம் இங்கேயே இருக்கட்டும். ‘சிரிப்பை அடக்கும் சலவைக்காரி’ என்று வையுங்கள், வேறு எதுவும் வையுங்கள், பெயரே இல்லாமலும் இருக்கட்டும். நான் கேட்பது அந்த ஒரு சொல்லை எடுக்கத்தான்.

வாத்தியார் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் சார். வரும் சனிக்கிழமை மேடை காலியாக இருக்கும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் உட்காருகிறேன். இருபது பேர் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது, இருந்தாலும் உட்காருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. முடிந்ததும் இருபது பலகையும் என் பக்கம் திரும்ப வேண்டும். எனக்குப் பிறகு அந்த மேடையில் யார் ஏறினாலும் அவர்கள் பக்கமும் திரும்ப வேண்டும். அக்காவின் வேலையை நான் தொடர்வதென்றால் இப்படித்தான் தொடர்வேன். அதற்காக என் இடம் போகும் என்றால் போகட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போகக் கூடாது என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

தாளில் உள்ளதையும் படித்துவிடுகிறேன். “எங்களைப் போன்ற ஏழை மாணவர்களுக்குக் கை கொடுத்த புரவலர் ஐயா அவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.” ஐயா, இது வாத்தியாரின் எழுத்து. ஆனால் நன்றி என்னுடையதுதான்.

இந்த மைக்கின் வயர் படம் வரைக்கும் எட்டாது. அதனால் இங்கேயே சொல்லிவிட்டு இறங்குகிறேன். இப்போது போய் அந்த அட்டையை எடுக்கப் போகிறேன். எடுத்துவிட்டுக் கீழே போய், வண்டியில் இருக்கும் அம்மாவைக் கை பிடித்து மேலே கூட்டி வருகிறேன்.