நொடிக்குப் பன்னிரண்டு படங்கள்

பழைய லேப்டாப்பில் விளையாட்டு திக்கித் திக்கி ஓடினால், முதலில் உள்ளே இருக்கும் விசிறியைப் பாருங்கள். பாதி வியாதி அங்கேதான். பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன் சொல்கிறேன், மச்சான்.

நேற்று உங்கள் தங்கையின் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

விபத்தில் உங்கள் தங்கைக்கு இடுப்புக்குக் கீழே அசைவு போனது. கைகளிலும் கொஞ்சம் பலவீனம். பொழுது போகட்டும் என்று என் கடையில் கிடந்த அந்த லேப்டாப்பைக் கொடுத்ததே நான்தான். அதில் நாலு பேர் குழுவாக ஆடும் கார்ப் பந்தயம் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். திரையில் நொடிக்குப் பதினெட்டு படம்தான் மாறியது. கார் தவளை மாதிரி தாவியது.

"ஏங்க, இதைக் கொஞ்சம் வேகமாக்க முடியாதா?" என்றாள்.

ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். தூசியைத் துடைத்தேன், இன்னொரு மெமரி போட்டேன், பின்னால் வெட்டியாக ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் நிறுத்தினேன். நிழல், புகை என்று விளையாட்டில் இருந்த ஜோடனைகளைக் குறைத்தேன். நொடிக்கு ஐம்பத்தைந்து படம் வந்தது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த வாரமே ஜெயிக்க ஆரம்பித்தாள். குழுத் தலைவனைக் கேப்டன் என்பார்கள். முகம் தெரியாது, வெறும் குரல். மத்தியானம் நான் சாப்பிட வரும்போது வாசலிலேயே அவள் சிரிப்பு கேட்கும். உள்ளே போனதும் அடங்கிவிடும்.

ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "அவருக்கு என் காலைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. அதான் நல்லா இருக்கு."

அவளைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்க வைக்கிறவன் நான். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்திருப்பது தப்பா, மச்சான்?

நான் ஆத்திரப்படவில்லை. திரை மூலையில் வேகத்தைக் காட்டும் எண்ணை, கண்ணை உறுத்தும் என்று சொல்லி மறைத்தேன். அடுத்த ஞாயிறு பிராசஸரின் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தேன். பிறகு மெமரியைக் கழற்றினேன். வாரத்துக்கு மூன்று நாலு படம்தான் குறைத்தேன். ஒரேயடியாகக் குறைத்தால் மெஷின் மேல் சந்தேகம் வரும்.

மூன்று மாதத்தில் பன்னிரண்டுக்கு வந்தது. அவள் பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் கார் திரும்பும். அதற்குள் சுவரில் மோதியிருக்கும். தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு," என்றேன். பலவீனம் கைகளில் கூடினாலும் கூடலாம் என்று டாக்டர் ஆரம்பத்தில் சொன்னதை மெதுவாக நினைவுபடுத்தினேன். அது பொய்யில்லை. டாக்டர் சொன்னார்தான்.

அதன்பிறகு மெஷினைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. கேப்டன் அவளுக்குப் பதிலாக வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டான். அன்று லேப்டாப்பை மூடியவள்தான். கைப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடமும், எதற்கு வீண் சிரமம், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பயிற்சியை விட்டால் விரல்கள் மடங்கி இறுகிவிடும் என்று அந்தப் பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள். உங்கள் தங்கையை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நிஜமாகவே டம்ளர் பிடிக்க வரவில்லை. நான்தான் ஊட்டுகிறேன். சமர்த்தாகச் சாப்பிடுகிறாள். மத்தியானங்களில் வீடு நிம்மதியாக இருக்கிறது.

யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த லேப்டாப்பைச் சரிசெய்து அவள் முன்னால் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். ஆடிக்கொண்டிருந்த நாளில் தன் விரல்கள் நன்றாகத்தான் இருந்தன என்று தெரிந்தால் அவள் மனசு தாங்காது. அவளைப் பார்த்துக்கொள்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன்.