பின்மண்டையில் ஒரு கடித்தடம்

அந்தத் தலைக்கு நான் சொன்ன கூலி ஒரு ஜோடி ரப்பர் செருப்பின் விலைதான் ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பேராசைக்காரன் என்ற பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாது.

பழைய சண்டைவீரன் பொம்மைகளின் தலையைப் புதுப்பிப்பது என் தொழில். வயதானால் பிளாஸ்டிக் மஞ்சளடிக்கும். தலையைக் கழற்றி, வெளுக்கும் களிம்பு பூசி வெயிலில் வைத்து, மஞ்சள் போனதும் கண், புருவம், உதடு எழுதுவேன். அந்த அம்மா கொண்டுவந்தது எலுமிச்சம்பழ அளவுத் தலை. "மூஞ்சியில மஞ்சள் போனா போதும்" என்றார். கூலியைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தார்.

வினை அங்கேதான் தொடங்கியது. நான் கடைத்தெருவில் வளர்ந்தவன். பேரம் பேசாமல் வந்த காசு எனக்குச் செரிக்காது. கொசுறாக ஏதாவது செய்தாக வேண்டும். பின்மண்டையில் பல் பதிந்த பள்ளங்கள் இருந்தன. நாய் கடித்திருக்கும் என்று பெயின்டர் பட்டிப் பசை வைத்து அடைத்து, வழவழவென்று தேய்த்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் போன் செய்தார்.

"சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன். பின்னாடி இருக்கிற கடியைத் தொடலையே? என் பையன் கடிச்சது. முன்பல் ஒண்ணு விழுந்திருந்த நேரம். அது திரும்ப முளைக்கிறதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கலை. அவனோடதுன்னு எங்கிட்ட இருக்கிறது அது மட்டும்தான்."

"பத்திரமா இருக்கும்மா" என்றேன். பொய் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் இருக்கப்போகிறதே.

இறுகிய பட்டியைத் தோண்டினால் குழிதான் வரும், பல் வராது. களிமண்ணில் என் பல்லைப் பதித்துப் பார்த்தேன், மாட்டுப் பல். என் மனைவியின் தம்பி எங்களோடுதான் இருக்கிறான். வாய் சின்னது, சாப்பாடு மட்டும் எப்படியோ நிறையப் போகும். களிமண்ணை நீட்டினேன்.

"சமையல் சரியில்லைன்னா அக்காகிட்ட நேரா சொல்லுங்க மாமா. என்னை ஏன் மண்ணைத் திங்க வைக்கிறீங்க?"

"கடிடா, சொல்றேன்."

அளவு அச்சாகப் பொருந்தியது. ஒரே குறை, அவனுக்கு எல்லாப் பல்லும் இருந்தன.

ஒரு பல்லுக்கு நல்ல விலை சொன்னேன். அவன் எனக்குத் தர வேண்டிய பழைய கடனைத் தள்ளுபடி செய்வதாகவும் சொன்னேன். "மாமாவுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு" என்று சிரித்தான். பேரம் படியவில்லை என்பதற்காகச் சரக்கே வேண்டாம் என்று எழுந்துவிட முடியுமா?

மனைவியின் தூக்க மாத்திரையை அவன் டீயில் கலந்தேன். சாப்பிட்டால் எப்படியும் தூங்குகிறவன்தான். இது என் தரப்பு மரியாதை. பிறகு பொம்மைத் தலை கழற்றும் குறடு. அவசரப்படக் கூடாது. மெல்ல ஆட்டி, பிடி தளர்ந்ததும் இழுக்க வேண்டும். பொம்மையின் பின்மண்டையைச் சூடாக்கி இளக்கி, அவன் வாயில் வைத்துத் தாடையை அழுத்தினேன். தூக்கத்திலும் நன்றாகவே ஒத்துழைத்தான். பெயின்ட்டில் ரத்தக்கறை பிடிக்கும் முன் துடைத்துவிட்டேன்.

அந்த அம்மா பள்ளங்களைக் கட்டைவிரலால் தடவினார். இடைவெளி வந்ததும் விரல் நின்றது. "இவன்தான்" என்றார். முகத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை; அந்தப் புருவத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் போன பிறகு மைத்துனன் விழித்து அலறினான், என் மனைவி உங்கள் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். கூடப் பிறந்த பாசம்.

நீங்கள் கேட்பது நியாயம்தான். எல்லாப் பல்லையும் பதித்துவிட்டு, ஒரு பள்ளத்தை மட்டும் பட்டியால் அடைத்திருக்கலாம். ஆனால் அது போலி ஐயா. பிள்ளையைப் பறிகொடுத்தவரை ஏமாற்ற எனக்கு மனம் வராது.

அன்று போகும் முன் அந்த அம்மா பையிலிருந்து இன்னொரு தலையை எடுத்தார். "இதையும் கடிச்சிருந்தான். முன்ன ஒருத்தன்கிட்ட பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன், படுபாவி, தடமே தெரியாம அடைச்சிட்டான். நீங்க நல்ல மனுஷன். எப்படியாவது கொண்டுவர முடியுமா? அப்போ அவனுக்கு முன்பல் ரெண்டுமே இல்லை."

இப்படியும் சிலர் தொழில் செய்கிறார்களே என்று வருத்தப்பட்டேன். முன்பணமும் வாங்கிவிட்டேன்.

மைத்துனனை ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது அனுப்புவார்கள்? வேண்டியது இரண்டு, ஒன்று ஏற்கெனவே வரவாகிவிட்டது. பாக்கி ஒன்றுதான்.